தகப்பன் பெயர்க் கட்டம்

பதிவேட்டில் பெயர் இல்லாதவன் பூமியில் இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டு முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அரியலூர் கோர்ட் வாசலில் குமாஸ்தா நடராசன் என்று கேட்டுப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, பத்திரம், வோட்டர் லிஸ்ட், எதில் எவன் ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவான் என்பார்கள். முன்கோபி, வாயைக் கொடுக்காதே என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

எண்பத்திரண்டாம் வருடம் பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வக்கீல் ஐயா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னால் ஏதோ வில்லங்கத்தை என் தலையில் கட்டப்போகிறார் என்று அர்த்தம். உள்ளே நாற்காலி நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம் காயாத மாதிரி இருந்தது.

"இந்தப் பொண்ணு பேரு லீலாவதி. வாலிகண்டபுரம் பக்கம். அப்பா கொளஞ்சியப்பன், பெரிய சம்சாரி. ஊர்ல அவரு வச்சதுதான் சட்டம். இவ கட்டிக்கிட்ட பையன் அரியமுத்து, அதே ஊர்தான், ஆனா ஊருக்கு வெளிய இருக்கிற தெரு. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறான். நேத்து போலீஸ் புடிச்சிருச்சு. மைனர் பொண்ணக் கடத்திட்டான்னு அவரு கம்ப்ளெயின்ட்."

"மைனர்தானா?" என்றேன்.

"பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல அறுவத்திநாலு ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. அப்படிப் பாத்தா பதினெட்டு முடிய இன்னும் நாலு மாசம் கெடக்கு. இவ தை மாசம்தான் பொறந்தேங்கிறா."

"பொங்கல் கழிச்சு வந்த வெள்ளிக்கிழமைங்க," என்றாள் அந்தப் பெண். "அம்மா வருசா வருசம் அன்னைக்கித்தான் பாயாசம் வைப்பாங்க."

இந்த ஜூன் ஒன்று எனக்குப் பழைய விரோதி. ஒண்ணாங்கிளாசில் சேர்க்கும்போது வாத்தியார் யாரிடமும் பிறந்த நாள் கேட்க மாட்டார். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடு என்பார். தொட்டால் ஐந்து வயது. ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பாதி ஜனம் ஜூன் ஒன்றில் பிறந்தது. நானும் அதில் ஒருத்தன்.

"திங்கக்கிழமை பெரம்பலூர் கோர்ட்ல இவள நாமளே ஆஜர்படுத்தணும்," என்றார் ஐயா. "கையில பிறப்பு எக்ஸ்ட்ராக்ட், அதான் பதிவேட்டு நகல், இருந்தா இவ மேஜர், இவ இஷ்டம். இல்லன்னா அப்பன்கிட்ட ஒப்படைச்சிருவாங்க."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாகிட்டக் குடுத்துட்டா நான் இருக்க மாட்டேங்க. வயித்து வலியில செத்துட்டான்னு ஊர்ல சொல்லுவாங்க. எங்க தெருவுலயே ஒருத்தி அப்படித்தான் செத்தா." பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். இறப்புப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் எத்தனை இளம்பெண்களின் பெயருக்கு நேரே 'வயிற்று வலி' என்று படித்திருக்கிறேன். படித்துவிட்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தியிருக்கிறேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் உன் வூட்லயே இருக்கட்டும்டா," என்றார் ஐயா.

அதானே பார்த்தேன். "ஏன், உங்க மாடி காலியாத்தானே கெடக்கு?" என்று கேட்டேன்.

"என் வூட்டத்தான் மொதல்ல தேடுவாங்க. உன்ன யாருக்குத் தெரியும்?"

இருபத்தைந்து வருடம் உழைத்ததற்கு இந்த மரியாதை. முணுமுணுத்துக்கொண்டே கூட்டிப்போனேன். என் பெண்டாட்டி பாப்பாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போனேன். தாலுக்கா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் சாமிதுரை எனக்குப் பழக்கம். முன்பெல்லாம் கிராம முன்சீப்புகள்தான் பிறப்பு இறப்பு எழுதுவார்கள். அந்த வேலையை ஒழித்த பிறகு அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கட்டுகளெல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே வந்து சேர்ந்திருந்தன. சாமிதுரை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் ஊர்க் கட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அறுபத்து மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வருடத்தையும் தகப்பன் பெயர்க் கட்டத்தில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினேன். கொளஞ்சியப்பனுக்கு அறுபத்து ஐந்தில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. பெண் குழந்தையே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது லீலாவதி வாசற்படியில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவங்க எழுதி வைக்கலன்னா நான் என்ன மந்திரமா போடுறது?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

பாப்பாத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு அவங்கம்மாவுக்கு எத்தனாவது?"

"தலைச்சன்."

"தலப்பிரசவம் தாய்வூட்லதானே நடக்கும். அப்பன் ஊரு புஸ்தகத்துல என்னத்தத் தேடுனீங்க?"

கைகாலைக் கழுவிவிட்டு வந்து, "அம்மாடி, உங்க அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டேன். ரஞ்சன்குடிக் கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே பஸ், அதே தூசி. அந்தச் சின்ன ஊரின் கட்டு செல்லரித்துப் போயிருந்தாலும் அறுபத்து நான்கு ஜனவரிப் பக்கம் முழுசாக இருந்தது. பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. பெண். விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன். தகப்பன் பெயர்: விருத்தகிரி.

குழந்தை பெயர் எழுதவில்லை. அப்போதெல்லாம் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். தாய் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அந்த முன்சீப்புக்குப் பொம்பளை பெயரை எழுதினால் மை தீர்ந்துவிடும் போலிருக்கிறது. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் ஒரு கைரேகை. அவ்வளவுதான். யாரோ விருத்தகிரிக்கு அதே நாளில் பெண் பிறந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முன்னால் இரண்டு வருடம் பின்னால் இரண்டு வருடம் புரட்டிவிட்டேன். கொளஞ்சியப்பன் அந்த ஊர்ப் பதிவேட்டிலேயே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் பக்கத்தில் வந்து பீடி பற்றவைத்தான்.

"அரியலூர் குமாஸ்தாதானே நீங்க? ரெண்டு நாளா தாலுக்கா ஆபீஸ்ல ஒக்காந்திருந்தீங்க. எந்த ஊரு ரிக்கார்டு பாக்குறீங்க?"

"வாரிசு கேஸ். செத்துப்போனவரு," என்றேன்.

"யாரு செத்தது?"

"விருத்தகிரி," என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் தலையாட்டினான், ஆனால் நகரவில்லை. நான் அரியலூர் பஸ்ஸில் ஏறாமல் துறையூர் பஸ்ஸில் ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, திரும்பி வந்து வீடு சேர்வதற்குள் ஒரு வழியாகிவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இனி ஒரே வழிதான். பெற்றவளைக் கேட்க வேண்டும். லீலாவதி சொன்னாள், அம்மா சனிக்கிழமை தவறாமல் வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்கு எள் விளக்குப் போட வருவாள், அப்பா கூட வர மாட்டார், சுந்தராம்பாள் என்று பெயர், மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் தூணுக்குப் பின்னால் நின்றேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். கல் விழுந்த மூக்குத்தி வந்தது. சனீஸ்வரனைச் சுற்றிவிட்டு விளக்குத் திரியைத் தூண்டும்போது பக்கத்தில் போய், "லீலாவதி எங்க வூட்லதாம்மா இருக்கா," என்றேன்.

அவள் திரும்பவில்லை. திரி தூண்டிய விரல் மட்டும் நின்றுவிட்டது. "சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா. என் சம்சாரம் விட மாட்டா."

"கொழம்புல பூண்டு போட்டா ஒதுக்கி வச்சிடுவா. திட்டாதீங்க."

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். திங்கட்கிழமை, கோர்ட், நான்கு மாதம், காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது. கடைசியைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. "அரளி வெதய வூட்ல கொண்டாந்து வச்சிருக்காங்க. நான் பாத்தேன்," என்றாள்.

"பொறந்தத எழுதுனாங்களா இல்லையா? யாரு போய் முன்சீப்புகிட்டச் சொன்னது?"

"நான்தாங்க. எங்கப்பா வெளியூரு போயிருந்தாரு. ஆம்பள யாரும் இல்ல. புள்ளையத் தூக்கிக்கிட்டு நானே முன்சீப்பு வூட்டுக்குப் போனேன். கட்டவெரல்ல மை தடவி வச்சாரு."

"தகப்பன் பேரு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "புருசன் பேர நான் எப்படிங்க சொல்லுவேன்? சாமி பேருன்னேன். எந்தச் சாமின்னாரு. விருத்தாசலத்துச் சாமின்னேன். சரி போன்னு எழுதிக்கிட்டாரு."

நான் அந்தத் தூணிலேயே சாய்ந்துவிட்டேன். விருத்தாசலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் பெரிய சிவன் கோயில், சாமி பெயர் விருத்தகிரி. ஊருக்கு வெளியே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர். மனசில் குறை உள்ளவர்கள் கோர்ட்டில் மனுப் போடுவதைப் போலக் காகிதத்தில் பிராது எழுதிக் கட்டுகிற சாமி. இவள் தன் குலசாமியைச் சொல்லியிருக்கிறாள். முன்சீப்பு பெரிய கோயில் சாமியை எழுதியிருக்கிறார்.

"பிராது கட்டுற சாமியத்தானே சொன்னீங்க?"

"பின்ன? எனக்கு வேற எந்தச் சாமியத் தெரியும்?"

"அவரு விருத்தகிரின்னு எழுதிட்டாரும்மா."

"அப்ப பதினெட்டு வருசமா எம் பொண்ணு கவர்மென்ட்டு புஸ்தகத்துல வேற எவனோ ஒருத்தன் பொண்ணு," என்றாள்.

"திங்கக்கிழமை நீங்க வந்து சொன்னாத்தான் அது மாறும். கைரேகை உங்களுது. என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், உங்க புருசன் பேர உங்க வாயால சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எதிர்த்தரப்பு ஒத்துக்காது."

"அவரும் அங்க இருப்பாருல்ல?"

"இருப்பாரு."

எண்ணெய் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளிப்பிராகாரம் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. லீலாவதி பத்துத் தடவை கேட்டுவிட்டாள், அம்மா வருமா என்று. எனக்கென்னம்மா தெரியும் என்று எரிந்து விழுந்தேன். பாப்பாத்தி என்னை முறைத்தாள்.

திங்கள் காலையில் தாலுக்கா ஆபீஸ் திறக்கும்போதே சாமிதுரை முன்னால் நின்றேன். அவன் நகல் எழுதி, தாசில்தாரிடம் முத்திரை வாங்கிக் கொடுக்கப் பதினொன்றாகிவிட்டது. கோர்ட்டுக்கு ஓடினேன். கூடம் நிறைய வெள்ளைச் சட்டைகள், பஸ் ஸ்டாண்டில் பீடி பற்றவைத்தவனும் அதில் ஒருத்தன். நடு பெஞ்சில் கொளஞ்சியப்பன், தோளில் துண்டு, முகத்தில் ஒரு சலனம் இல்லை. சுவரோரம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அரியமுத்து. உதடு வீங்கியிருந்தது. லீலாவதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தராம்பாள் எங்கும் இல்லை.

எங்கள் ஐயா நகலைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "யுவர் ஆனர், இது யாரோ விருத்தகிரி மகள். என் கட்சிக்காரர் பெயர் கொளஞ்சியப்பன்." ஐயா நடந்ததைச் சொன்னார். பதிந்த தாயே வந்து சொல்வாள் என்றார். சொல்லும்போதே என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாஜிஸ்திரேட் கூப்பிடச் சொன்னார். டவாலிச் சேவகர் வாசலில் நின்று "சுந்தராம்பாள்" என்று குரல் கொடுத்தார். ஒருவரும் வரவில்லை. கொளஞ்சியப்பன் உதட்டோரம் லேசாக அசைந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது படிக்கட்டுப் பக்கமிருந்து, "இருக்கேங்க," என்று குரல் வந்தது. மாட்டுக்குக் கழுநீர் வைத்த கையோடு கிளம்பியிருப்பாள் போல. புடவை ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்தது.

கூண்டில் ஏற்றினார்கள். குழந்தை எங்கே பிறந்தது, என்றைக்கு, யார் பதிந்தது, எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். அப்புறம் மாஜிஸ்திரேட் கேட்டார். "உங்க கணவர் பேரு என்னம்மா?"

டைப் அடிக்கிற பையனின் விரல் சாவிக்கு மேலே நின்றது. எழுதிக்காட்டச் சொல்லலாமே என்று யாரோ சொன்னார்கள். எழுதத் தெரியாது என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல், "பெயரே தெரியாது போலிருக்கிறது," என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

சுந்தராம்பாள் பெஞ்சைப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் தலையை மிக மெதுவாக, வேண்டாம் என்று அசைத்தார். அவள் மகளைப் பார்த்தாள். லீலாவதி கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொளஞ்சியப்பன்."

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டைப் அடிக்கிற பையன், "சத்தமா சொல்லுங்கம்மா," என்றான்.

"கொளஞ்சியப்பன்," என்றாள். கூடத்தின் கடைசிச் சுவர்வரை கேட்டது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கோர்ட்டில் பெயர் சொன்னால் எழுந்து நிற்கிற பழக்கம்தானோ, இல்லை இருபது வருடத்தில் அந்தக் குரலில் அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்ட அதிர்ச்சியோ, தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட், "நீங்கதானா?" என்று கேட்டார். அவருக்கு உட்காரவும் தெரியவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. இல்லை என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

பெண் மேஜர், தன் இஷ்டப்படி போகலாம் என்று உத்தரவானது. சாயங்காலத்துக்குள் அரியமுத்துவை விட்டுவிட்டார்கள். ஐயா தன் காரிலேயே இரண்டு பேரையும் அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மதராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார். கிளம்பும் முன் லீலாவதி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் பார்க்க மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சுந்தராம்பாளிடம் கெஞ்சினேன். "எங்க வூட்டுக்கு வந்துருங்கம்மா. பாப்பாத்தி இருக்கா. கொஞ்ச நாள் போகட்டும்."

"மாடு ரெண்டு கறவையில நிக்குது. சின்னவன் பள்ளிக்கூடம் வுட்டு வந்துருப்பான்."

"அவரு என்ன செய்வாரோன்னு எனக்குப் பதறுதும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். வாலிகண்டபுரம் போகும் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நாளைக்கி எனக்கும் வயித்து வலின்னு எழுதுனாங்கன்னா, நீங்க பாத்துக்குங்க அண்ணே. புருசன் பேர மட்டும் சரியா எழுதச் சொல்லுங்க. நான்தான் வாய்விட்டுச் சொல்லிட்டேன்ல."

இது நடந்து ஐந்து வருடமாகிறது. மாதம் ஒரு தடவை எனக்குப் பெரம்பலூரில் ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே உண்டாக்கிக்கொள்வேன். சாமிதுரைக்கு இப்போது கேட்கத் தேவையில்லை. நான் நுழைந்ததுமே கொளஞ்சியப்பன் ஊரின் இறப்புக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவான். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து இறங்குவேன். இந்த மாதமும் அவள் பெயர் இல்லை.